மடித்து வைத்த இலை

மனைவி காய்ச்சலில் இறந்த எட்டாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது பால்மரத் தொழிலாளிகளை வேலை வாங்கும் மண்டோர் நான். மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதால் வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் ஜெயில். விடியுமுன் பெரட்டில் ஆட்களை எண்ணி முடித்த பிறகு, வாசலில் காவலர்களோடு நின்று என் ஆட்களின் வாளிகளைத் திறந்து பார்ப்பதும் என் வேலைதான்.

அன்று எங்களில் வயதில் மூத்த பெண் வாளியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கப்பா. ஒன் பையை யாரு பாக்குறா?"

வரிசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பையில் வாழையிலைப் பொட்டலமாகச் சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன.

மனைவியைப் புதைத்த இடம் வேலிக்கு வெளியே, ரப்பர் மரங்கள் முடிந்து பெரிய காடு தொடங்கும் ஓரத்தில். எட்டாம் நாள் படையலை விட மனம் வரவில்லை. இலையை விரித்துப் படைத்துவிட்டுக் காக்கைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பால் எடுக்கும் நேரமாகிவிட, அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். இலையில் ஒரு பருக்கை இல்லை. காக்கை தின்றிருந்தால் இலை கிழிந்திருக்கும். இது பாதியாக மடிந்திருந்தது. ஆள் உட்கார்ந்த இடத்தில் லாலான் புல் படுத்துக் கிடந்தது. அங்கிருந்து வெளிப்பக்கமாக மடிப்பு. சாவு வீட்டில் சாப்பிட்டவர்கள் அப்படித்தான் மடிப்பார்கள். காட்டிலிருந்து வந்து சாப்பிட்டவன் தமிழன். யாருக்கு வைத்த சோறு என்று தெரிந்தே சாப்பிட்டிருக்கிறான்.

புதைத்த இடத்தை ஒட்டிய நிரையில், அந்த மரவரிசையில், பால் வெட்டுவது வாளியைக் கவிழ்த்துக் காட்டிய அந்த மூத்தவள். என் பின்னாலேயே வந்து அவளும் பார்த்துவிட்டாள்.

"யாருகிட்டயும் மூச்சு விடாத. முப்பது பேரையும் லாரியில ஏத்திருவானுங்க."

"சரிக்கா."

"நாளையிலேருந்து இந்த நிரைய நான் வெட்டமாட்டேன்."

"அப்ப யாரை அனுப்புறது?"

"சோறு வச்சவன் வெட்டட்டும்."

அவளுக்கு இடுப்புவலி என்று கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிவிட்டு நானே வெட்டினேன். மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அண்ணே."

நான் திரும்பவில்லை. கத்தி பட்டையிலேயே நின்றது.

"பதினாறுக்கும் வைப்பீங்களா?"

நாலு நிரை தள்ளி என் ஆட்களின் விளக்குகள் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தன. வைப்பேன் என்று சொன்னால் அது என்னோடு நிற்காது.

"மாட்டேன்."

"அண்ணிக்குக்கூட வைக்கமாட்டீங்களா?"

"இங்க வைக்கமாட்டேன்."

புல் சரசரத்தது. வெளிச்சம் வரும்வரை நான் அடுத்த மரத்துக்குப் போகவில்லை.

பதினாறாம் நாள் வேலிக்குள்ளேயே, லயத்து வாசலில் படைத்தேன். மறுநாள் பெரட்டில் முப்பது பேரையும் இரண்டு முறை எண்ணினேன். முப்பது பேரும் இருந்தார்கள்.