கிட்டுசாமி வீசிய துண்டு

காசிமாயனுக்கு வலக்கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்கள் மெஷினில் போய்விட்டது என்று நினைத்து உச்சுக் கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மெஷினாவது மண்ணாங்கட்டியாவது! அவை போனது ஒரு விரால் மீனுக்காக. உள்ளூர்க்காரர் ஒருவர் எதற்கோ துண்டை வீச, பிழைக்க வந்தவர்கள் அதை வேறு எதற்கோ என்று எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் சங்கதி.

நான் ஜமால். திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். குடியிருந்ததும் ஒரே காம்பவுண்டில், அடுத்தடுத்த வீட்டில். மழை பொய்த்த ஒரு வருஷம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மனைவி ராக்கம்மாளோடு வந்து இறங்கினான். ஒரு கையில் தகரப் பெட்டி, இன்னொரு கையில் ஊத்தா. மூங்கில் சிம்பில் கட்டிய கூடைதான் ஊத்தா. மேலும் கீழும் திறந்திருக்கும். கலங்கல் தண்ணீரில் மீன் மேல் கவிழ்த்துவிட்டு, மேல்வாய் வழியே கையை விட்டுப் பிடிக்க வேண்டும். அதை பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்ற கண்டக்டரை அறைந்துவிட்டுத்தான் ஊரிலிருந்தே கிளம்பியிருக்கிறான். ஆள் அப்படி. கை முந்தும், வாய் பிந்தும்.

ஆனால் அந்தக் கை வேலைக்காரக் கை. அடுக்கி வைத்த துணியில் அவன் கத்தி ஓட்டினால் மேல் துணியும் அடித் துணியும் ஒன்றுபோல வரும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே கை தண்ணீரைத் தேடும். ஐஸ் பெட்டியில் வரும் கடல் மீனைக் கண்டாலே மூக்கைப் பொத்துவான். "இது மீனா பாய்? பொணம். மீனுன்னா அடுப்பங்கரை வரைக்கும் துள்ளணும்" என்பான். என் சைக்கிளை வாங்கிக்கொண்டு குன்னத்தூர் ரோட்டில் உள்ள குட்டையெல்லாம் துழாவிவிட்டு வருவான்.

விராலைக் கொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. தண்ணீர் இல்லாமலும் உயிரோடு கிடக்கும். தலை நசுங்கினாலும் வாலால் அடிக்கும். காசிமாயன் அதன் வாலைப் பிடித்துத் துவைகல்லில் ஓங்கி ஓங்கி அடிப்பான். ரத்தம் சுவரில் தெறிக்கும், காம்பவுண்டுக் குழந்தைகள் அலறும். பிறகு அடுப்புச் சாம்பலும் கல்லுப்பும் போட்டு, வழவழப்பு போகும்வரை அந்தக் கல்லிலேயே தேய்ப்பான். வயிற்றைக் கீறிப் பித்தை உடையாமல் கிள்ளி எறிவான். துண்டு போட்ட பிறகும் சதை துடிக்கும். ராக்கம்மாள் மிளகாயும் மல்லியும் வறுத்து அம்மியில் அரைத்து, புளிக்கரைசலில் கலக்கி, மண்சட்டியில் கொதிக்கவிட்டு, மீனைக் கடைசியில்தான் போடுவாள்.

"கொஞ்சம் தேங்காப்பால் ஊத்துனா என்னங்க, கொறைஞ்சா போயிருவீங்க?" என்று என் மனைவி சபுரா பீவி சீண்டுவாள்.

"ஊத்துனா அது மீன்கொழம்பு இல்லக்கா, பாயாசம்" என்பாள் ராக்கம்மாள்.

மீனுக்கு மட்டும் அல்லா பேரால் பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டியதில்லை. அதனால் அவர்கள் வீட்டில் நான் கேள்வி கேட்காமல் உட்கார்ந்து சாப்பிட்ட கறி அது ஒன்றுதான். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் குழம்புக்கு நாக்கு அடிமை.

சாப்பிடும்போதெல்லாம் அவன் ஊர்க் கதை ஓடும். கோடையில் அங்கே கண்மாய் வற்றும். குத்தகைக்காரர் வலைபோட்டு முடித்ததும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவாராம். வீசியாயிற்றென்றால் மிச்ச மீன் ஊர்ச் சனத்துக்கு. யாரும் இறங்கலாம், யாரும் பிடிக்கலாம். அழிகண்மாய் என்று அதற்குப் பேர். இந்தப் பக்கம் அப்படி ஒரு வழக்கம் நான் கேள்விப்பட்டதே இல்லை. இதை அவனிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

எண்பத்தொன்பது கோடையில் ஆலம்பாளையத்துக் குளம் முழங்கால் தண்ணீருக்கு வந்துவிட்டது. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் கிட்டுசாமி. குஞ்சு விட்டு, தீனி போட்டு, ரோகுவும் கட்லாவும் வளர்த்திருந்தார். ஞாயிறு காலை வலைக்காரர்கள் இறங்கினார்கள். வேடிக்கை பார்க்கப் பாதித் திருப்பூர் கரையில் நின்றது. காசிமாயனைப் போலவே தெற்கேயிருந்து பிழைக்க வந்து எங்கள் காம்பவுண்டில் குடியிருந்த தென்பக்கத்து ஆட்கள் ஊத்தாவோடும் சாக்கோடும் வந்திருந்தார்கள். காசிமாயனோடு ராக்கம்மாளின் தம்பி மொக்கைச்சாமியும் நின்றான். சாயப்பட்டறையில் வேலை, முப்பதை நெருங்கின ஆள். கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்களே, அது அவன்தான். எதிலும் பிடி கொடுக்க மாட்டான். இடுப்பில் ஓர் அருவாள் செருகியிருந்தான். சேற்றில் நழுவுகிற விராலை வெட்டிப் பிடிப்பதற்காம்.

வலை கரைக்கு வந்த நேரம் ஐஸ் ஏற்றிய வேன் தப்பான கரையில் திரும்பியது. அங்கே சேறு, இறங்கினால் புதைந்துவிடும். கிட்டுசாமி தோளிலிருந்த துண்டை உருவி, 'சுற்றி வா' என்று டிரைவரைப் பார்த்து வீசினார். வெள்ளைத் துண்டு.

"வெள்ளைய வீசிட்டாய்ங்கடா!"

எவன் கத்தினான் என்று இன்றுவரை தெரியாது. தென்பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் குதித்தார்கள்.

"டேய்! எவன்டா அவன்? மேல ஏறுங்கடா! என்ற குளத்துல எறங்க எவன்டா சொன்னது?" என்று கிட்டுசாமி கத்தினார். கூச்சலில் யார் காதிலும் விழவில்லை. வருஷக்கணக்கில் வளர்த்ததைக் கண்ணெதிரே அள்ளினால் எந்த மனுஷன் சும்மா இருப்பான்? அவருடைய ஆட்கள் மூங்கில் கழியோடு இறங்கினார்கள். முதல் அடி ஒரு தாடையில் விழுந்தது. அடிபட்டவன் ஊத்தாவாலேயே திருப்பி மொத்தினான். கிட்டுசாமியின் பங்காளி ஒருவருக்கு மண்டை பிளந்தது. முடியைப் பிடித்துச் சேற்றுக்குள் முகத்தை அமுக்கினார்கள். காலுக்கடியில் மீன்கள் மிதிபட்டுச் செத்தன. சேறும் ரத்தமும் கலந்து தண்ணீர் செங்காமட்டை நிறமாகிவிட்டது. நான் கரையில் நின்று, "ஏறி வாடா காசி! அல்லா மேல ஆணை, ஏறி வாடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவன் எங்கே கேட்டான்? அத்தனை அடிதடியிலும் அவன் ஊத்தாவைக் கவிழ்த்து, உள்ளே கைவிட்டு, ஒரு பெரிய விராலைக் கழுத்தில் பிடித்திருந்தான். அது ஊத்தாவையே புரட்டிக்கொண்டு திமிறியது. அதன் மேல் விழுந்தான். அவனைச் சுற்றி நாலைந்து பேர் கழியும் கத்தியுமாகப் புரண்டார்கள், சேறு பொங்கியது. எழுந்தபோது விரால் இடக்கையில் இருந்தது. வலக்கையிலிருந்து ரத்தம் கொட்டியது.

மீனைச் சாக்கில் போட்டு ஒருவனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, என் சட்டையைக் கிழித்துச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த போலீஸ்காரர் யார் வெட்டியது என்று கேட்டார். "சேத்துல கண்ணாடி கெடந்துச்சு சார்" என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கண்ணாடியா? கத்தி பிடிக்கிற விரல்டா! யாருன்னு சொல்லித் தொலையேன்!"

"வாய மூடு பாய்" என்றான்.

தையல் போட்டு முடிவதற்குள் காம்பவுண்டு என்ன கதியில் இருக்கிறதோ என்று அவனை விட்டுவிட்டு முன்னால் ஓடி வந்தேன். பயந்தது சரியாகப் போயிற்று. மொக்கைச்சாமி துவைகல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். கீழே தென்பக்கத்து ஆட்கள், கையில் அருவாளும் கம்பியும்.

"கிட்டுசாமி ஆளுதேன் வெட்டுனான்! என் ரெண்டு கண்ணால பாத்தேன்! எங்க மச்சான் கைக்கு கிட்டுசாமி கை! வாங்கடா போவோம்!"

தெருமுனையில் கிட்டுசாமியும் அவர் சொந்தக்காரர்களும் கடப்பாரையோடு கூடியிருந்தார்கள். இவர்கள் வாசலைத் தாண்டினால் பிணம் விழும். அங்கே ஒன்று விழுந்தால் இங்கே காம்பவுண்டு எரியும். உள்ளே சபுரா பீவியும் என் பிள்ளைகளும் இருந்தார்கள். "இருங்கப்பா, அவன் வரட்டும்" என்று வாசலை மறித்தேன். "தள்ளு பாய், இது உன் சண்டை இல்ல" என்று ஒருவன் என்னைச் சுவரோடு அறைந்தான்.

ராக்கம்மாள் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்த விராலை, தம்பி ஏறி நின்ற கல்லின் மறு ஓரத்திலேயே அடித்துக்கொண்டிருந்தாள். அது செத்து வெகுநேரமாகியும் அடித்தாள். தலை கூழாகிவிட்டது. "அந்தச் சனியனைத் தூக்கி எறிங்க" என்றாள் என் மனைவி. "எம் புருசன் வெரலக் குடுத்து வாங்குன மீனுக்கா இது. குப்பையில போடவா?" என்று கேட்டுவிட்டு அள்ளிக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

குழம்பு கொதி வரும்வரை எப்படியோ வாசலை விடாமல் மறித்தேன். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டுகிற நேரம் ஆட்டோ வந்து நின்றது. காசிமாயன் இறங்கினான். கையில் பெரிய கட்டு. முகத்தில் ரத்தமே இல்லை.

"மாப்ள, அருவாளக் குடு" என்றான்.

"மச்சானே வாராருடா!" என்று மொக்கைச்சாமி குதித்து வந்து கொடுத்தான். கூட்டம் ஹோவென்று இரைந்தது. காசிமாயன் அருவாளை இடக்கையில் வாங்கி, எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தான்.

"எங்கடா போறீக? என் வெரலு போனது இந்த அருவாள்ல."

மொக்கைச்சாமியின் வாய் கோணியது.

"சேறு மச்சான்... நீங்கன்னு தெரியல. மீனுன்னு நெனச்சுத்தேன்..."

அவனுக்குப் பின்னால் நின்றவனே கம்பியை ஓங்கினான். காசிமாயன் குறுக்கே போய் நின்றான். "போனது என் வெரலு. எவனாச்சும் இவனத் தொட்டீக, கைய எடுத்துருவேன்" என்றான்.

அதற்குள் ராக்கம்மாள் அடுப்பிலிருந்து அகப்பையோடு வந்துவிட்டாள். குழம்பு சொட்டியது. தம்பியின் நெஞ்சில் கையை வைத்துச் சுவரோடு தள்ளினாள்.

"தெரியாமத்தான வெட்டுன? அப்புறம் ஏண்டா இன்னொருத்தன் வெட்டுனான்னு சொன்ன?"

அவள் அகப்பையை ஓங்கிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவன் தடுப்பான் என்றுதான் நான் நினைத்தேன்.

"வெரலுக்காக அடிக்காத" என்றான் காசிமாயன். "அது தெரியாம பட்டது. அடுத்தவன் தலையில போட்டான் பாரு, அதுக்கு அடி."

அடித்தாள். அகப்பைக் காம்பு முறிந்தது, கையால் அடித்தாள். மொக்கைச்சாமி முகத்தைக்கூட மறைக்கவில்லை, மூக்கு உடைந்து ரத்தம் வழிந்தது. அருவாளோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக அதை முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். நான் தெருமுனைக்கு ஓடிக் கிட்டுசாமியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தபோதும் அவள் ஓயவில்லை. "என் கூடப் பெறந்தவன்டா நீ, என் கூடப் பெறந்தவன்டா" என்று அழுதுகொண்டே அடித்தாள்.