விழத் தெரிந்தவள்

கவுண்டரில் உட்காருவதற்கு முன்னால் டோக்கன் அக்கா கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள். அப்புறம் பேப்பர் வெயிட் இழுப்பறைக்குள் போகும், அதன் பின்னாலேயே ஸ்டேப்ளர். தண்ணீர் பாட்டில் காலடிக்கு. பேனாவை நூலில் கட்டியிருக்கிறாள். நூல் ஒரு சாண் நீளம். எழுதலாம், வீச முடியாது.

"கைக்கு எட்டுறதெல்லாம் மூஞ்சிக்கும் எட்டும்" என்பது அவள் கட்சி. பெரிய மருத்துவமனை ஒன்றின் வெளிநோயாளிகள் பிரிவில் பன்னிரண்டு வருடமாக வரிசை எண் கொடுக்கிறவள். எந்தப் பொருள் எவ்வளவு தூரம் பறக்கும் என்பது அத்துபடி. அடையாள அட்டைப் பாடத்தை மட்டும் நெற்றியால் படித்தாள். கண்ணாடியில் பேசுவதற்காக விட்டிருந்த ஓட்டை வழியாக ஒருவர் கையை விட்டு, கழுத்து நாடாவைப் பிடித்து, மாட்டை இழுப்பதுபோல ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

வயது நாற்பத்து மூன்று. ஆள் ஒல்லி, குரல் மட்டும் பருமன். டாக்டர் எப்போது வருவார் என்று நூறு பேர் கேட்டால் நூறு பேருக்கும் ஏற்ற இறக்கம் மாறாமல் ஒரே பதில்: "வந்துட்டே இருக்காரு." டாக்டர் மேல் வருகிற கோபம், லிஃப்ட் மேல் வருகிற கோபம், சொந்த உடம்பின் மேலேயே வருகிற கோபம் எல்லாமே முதலில் அவளிடம் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகும்.

போன வருடம் நர்ஸ் ஒருத்தியின் பல் உடைந்தது. ஊழியர்கள் ஒன்றுகூடிப் போய், பிரிவுக்கு ஒரு காவலாளி வேண்டும் என்று கேட்டார்கள். நிர்வாக அதிகாரிக்கு ஒரு குரல் உண்டு. கசப்பு மருந்தைக் கரண்டியில் வைத்துக்கொண்டு குழந்தையை "ஆ காட்டு" என்று கூப்பிடுகிற குரல். அதை எடுத்தார்.

"பாருங்க, காவலாளி ஒரு இடத்துலதான் நிப்பாரு. நீங்க ஒவ்வொருத்தரும் உங்களுக்கு நீங்களே காவல்னு ஆயிட்டா? உடம்புக்கும் நல்லது. ஓகேவா?"

ஓகே இல்லை என்று சொல்வதற்குள் அறிவிப்புப் பலகையில் மூன்று தாள்கள் தொங்கின. குத்துச்சண்டை, கராத்தே, ஜூடோ. ஆளுக்கு ஒன்றின் கீழ் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்ததும் சாயங்காலம் ஒரு மணி நேரம், நாலு மாதம். முடிவு செய்யுமுன் மூன்றிலும் சில நாள் போய்ப் பார்க்கலாம்.

மருந்துக்கடைக்காரர் குத்துச்சண்டையில் சேர்ந்தார். கையுறை போட்டால் படம் நன்றாக விழுமாம். வார்டு சிஸ்டருக்குக் கராத்தே, வெள்ளை உடுப்பைத் துவைத்துத் துவைத்துக் கை பழகியவள். ரத்தப் பரிசோதனை அறைக்காரி, பஸ் நிறுத்தத்துக்கு எது பக்கமோ அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். டோக்கன் அக்கா மட்டும் வெண்டைக்காய் வாங்குகிறவள்போல ஒவ்வொன்றின் நுனியையும் ஒடித்துப் பார்த்தாள்.

குத்துச்சண்டை பயிற்சியாளருக்கு மொத்தம் மூன்று வாக்கியங்கள்தான் தெரியும். கையைத் தூக்கு, தாடையை மூடு, மூச்சை விடு. கழிவறை எங்கே என்று கேட்டவளிடமும் மூச்சை விடு என்றார். ஆனால் நாலே நாளில் இரண்டு மாடி ஏறியும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. உடம்புக்கு இதுதான் என்று மனசு சொன்னது. அறிவு வேறு கணக்குப் போட்டது. "கவுண்டர்ல உட்கார்ந்துட்டு நான் ஒருத்தனை ஒரு குத்து விட்டேன்னு வையுங்க, அன்னிக்கே ஒரு ஆளு வெளியே போகணும். அவன் போக மாட்டான்."

கராத்தே மாஸ்டர் அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சொல்லாமல் வகுப்பைத் தொடங்க மாட்டார். சொல்லிவிட்டுச் சிறு இருமல் ஒன்று இருமுவார். உதைப்பதற்கு ஒரு கால் நீளம் இடம் வேண்டும். கவுண்டருக்குள் காலை நீட்டினால் மேசைக்குத்தான் அடி என்று இரண்டாம் நாளே விடைபெற்றாள்.

ஜூடோ சொல்லிக் கொடுத்தவள் இருபத்தாறு வயதுப் பெண். மல்லுக்கட்டி மல்லுக்கட்டி இரண்டு காதும் கசங்கிப் போயிருந்தன. அவள் எதையும் செய்து காட்டவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, வேலை செய்யற இடத்துல உங்களை என்ன பண்ணுவாங்க?"

பன்னிரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. டோக்கன் அக்கா யோசித்து யோசித்துச் சொன்னாள். அடிக்கிறவர்கள் குறைவு. பிடிப்பார்கள், இழுப்பார்கள். பெரும்பாலும் தள்ளுவார்கள்.

"அப்ப உங்களுக்கு இதுதான்."

கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

முதல் இரண்டு மாதம் விழுவதைத் தவிர வேறு பாடமே இல்லை. முகவாயை நெஞ்சோடு ஒட்டி இடுப்புப் பட்டையின் முடிச்சைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் பின்மண்டை பிழைக்கும். விழுகிற கணத்தில் உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைய வேண்டும். விழுகிற வேகத்தில் பாதியைக் கை வாங்கிக்கொள்ளும். உடனே எழுந்து, தள்ளியவரைப் பார்த்து இடுப்பை வளைத்து வணங்க வேண்டும். வணங்க மறந்தால் இன்னும் பத்து முறை விழ வேண்டும். டோக்கன் அக்கா முதல் வாரம் மறந்து மறந்து விழுந்தாள். அப்புறம் மறக்கவே இல்லை.

வீட்டில் மெத்தையைத் தரையில் போட்டுப் பழகினாள். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் இடித்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கணவர், விழுவதற்குக்கூட ஒரு வகுப்பா, நான் வாழ்நாள் பூராவும் ஓசியிலேயே விழுந்துகொண்டிருக்கிறேனே என்றார். மகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். இத்தனை வருட முதுகுவலி சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. கவுண்டரில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாம் மாதம் நிற்பதைச் சொல்லித் தந்தார்கள். முழங்காலைத் தளர்த்தி, கனத்தை இடுப்புக்குக் கீழே இறக்கி, பிடித்தவனோடு சேர்ந்தே நகர்ந்து நிற்பது.

அந்த மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. லிஃப்ட் ரிப்பேர். ஸ்கேன் அறையை மேல்மாடிக்கு மாற்றியிருந்தார்கள். எழுபத்தெட்டாம் எண்காரர் அறையைத் தேடிப் போய்த் திரும்புவதற்குள் எண் தாண்டிவிட்டது. மருத்துவமனைக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் அனுப்புகிறவரின் மைத்துனர் அவர். முதுகு ஒரு அலமாரி அகலம். வழி காட்டலாம் என்று டோக்கன் அக்கா கவுண்டர் கதவைத் திறந்து வெளியே வந்தாள். எனக்கே வரிசையா என்று கேட்டபடி இரண்டு கையாலும் தோளில் ஒரு தள்ளு.

கல் தரை. ஆனாலும் இரண்டு மாதப் பாடம் ஒரு எழுத்து பிசகவில்லை. முகவாய் நெஞ்சில் ஒட்டியது. கை தரையில் பளாரென்று அறைந்ததில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எழுந்தாள். எழுந்த சூட்டில், தள்ளியவரை நேராகப் பார்த்து, கைகளைத் தொடையில் வைத்து, இடுப்பை வளைத்து வணங்கினாள்.

அந்த மனிதர் ஒரு நொடி மிரண்டு போனார். பிறகு சிரித்தார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதில் விழுந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கே தெரிந்தது.

புகார் எழுதிக் கொடுத்தாள். புகார் நின்றால் அந்த ஆள் இனி உள்ளே நுழைய முடியாது, கவுண்டருக்கு ஒரு காவலாளியும் வருவார். நிற்காவிட்டால், வேலை நேரத்தில் நாடகமாடியதாக அவள் பெயரில் ஒரு தாள் ஏறும். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருப்பவள் அவள். அடுத்த புதுப்பிப்புக்கு இன்னும் இரண்டு வாரம்.

விசாரணை அறையில் நிர்வாக அதிகாரி டி.வி.யைப் போட்டார். தூணில் இருந்த கேமரா அந்த மனிதரின் முதுகை மட்டும் பார்த்திருந்தது. கைகள் தெரியவில்லை. முதுகுக்கு அந்தப் பக்கம் டோக்கன் அக்கா ஒரு வித்தைக்காரிபோல விழுந்தாள், தரையைத் தட்டினாள், எழுந்தாள். மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் அவள் அழகாகவே விழுந்தாள்.

கீழே விழுகிறவர்கள் தரையைத் தட்டுவார்களா என்றார். அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்றாள். அவள் குனிந்திருந்த இடத்தில் படத்தை நிறுத்தினார்.

"சரி, இது என்னம்மா? தள்ளினவனுக்கு யாராவது கும்பிடு போடுவாங்களா?"

வகுப்பில் போடுவோம் என்றாள். உண்மைதான். சொன்ன வாய்க்கே அது பொய்போலக் கேட்டது.

அன்றைக்குப் பணியில் இருந்த டாக்டர் அவளை மூன்று நிமிடம் பார்த்துவிட்டு, காயம் இல்லை என்று எழுதியிருந்தார். காது கசங்கிய பெண், வகுப்பு விதிகளை எல்லாம் விளக்கி இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தாள். அதிகாரி அதைப் படித்து முடித்து, அப்படியானால் இது பழகிவைத்த விழுதல் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்றார். முன்னே நின்றிருந்தும், தள்ளியதைப் பார்த்தோம் என்று சொல்ல வரிசையிலிருந்து ஒருவரும் வரவில்லை. எண் போய்விடுமே.

கணவர் அன்று சாயங்காலம் நிலைமையை லேசாக்கப் பார்த்தார். "விழுந்தும் மீசையில மண் ஒட்டலைம்பாங்க. உனக்கு மீசையும் இல்லை, மண்ணும் ஒட்டலை. எங்கேயாவது ஒரு கட்டு போட்டுட்டு வந்திருக்கலாமில்லே?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவரே எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தார்.

தள்ளிய குதிரை குழியும் பறித்தது என்பார்கள். இந்தக் குதிரை மண்வெட்டியை அவள் கையிலேயே கொடுத்தது. வாசகத்தை அதிகாரியே தட்டச்சு செய்து வைத்திருந்தார்: "கால் வழுக்கி நானாகவே விழுந்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை." புதுப்பிப்புத் தாள் அதன் அடியில் இருந்தது. இரண்டிலும் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டாள். சிலிண்டர்காரரின் மைத்துனர் மறு வாரமும் வந்தார். தொண்ணூற்று நாலாம் எண் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, இடுப்பை லேசாக வளைத்து அவளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

நாலு மாதம் முடிந்த பிறகும் வகுப்புக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. முதுகுக்கு நல்லது என்கிறாள். இப்போதும் விழுகிறாள், தட்டுகிறாள், எழுகிறாள். குனிகிற நேரத்தில் மட்டும் கண் எதிராளியின் கைகளை விடுவதில்லை. அதைப் பார்த்தும் காது கசங்கிய பெண் திருத்தாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

போன மாதம் புது ஊழியர்களுக்கு அறிமுகக் கூட்டம் நடந்தது. முப்பது பேர், எல்லாம் சின்ன வயசு. அதிகாரி மேடையேறி, நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்பதிலிருந்து தொடங்கிப் பயிற்சி வகுப்புக்கு வந்தார். டோக்கன் அக்காவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"நம்ம அக்கா ஒருநாள் கல் தரையில விழுந்தாங்க. ஒரு கீறல் கிடையாது. அதுதான் நம்ம டிரெயினிங். இப்ப நான் லேசா தள்ளுவேன், அக்கா விழுந்து காட்டுவாங்க. ஓகேவா?"

தரையில் பாய் விரித்தார்கள். படம் எடுக்கப் போன்கள் உயர்ந்தன. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் எதிரே நின்று, இரண்டு விரலால் தோளைத் தொட்டுத் தள்ளினார். அவள் விழவில்லை. அசடு வழியச் சிரித்து, உள்ளங்கையால் தள்ளினார். முழங்கால் கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான். "விழுங்க அக்கா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"தள்ளினா விழ மாட்டேன், சார். வழுக்கினாத்தான் விழுவேன். எழுதிக் குடுத்திருக்கேனே."

பருமனான அந்தக் குரல் கடைசி வரிசைவரைக்கும் போனது. அவர் இரண்டு கையையும் அவள் தோளில் ஊன்றி, பலம் கொண்டமட்டும் தள்ளினார். அவருடைய செருப்புத்தான் பாயில் வழுக்கியது.

அப்போது டோக்கன் அக்கா அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். கைகளைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்தபடி, பாயின் மேல் இரண்டே அடி எடுத்துவைத்து, அவரையும் சேர்த்துக் கால்வாசி வட்டம் திரும்பினாள். அந்த முதுகு விலகி, கைகள் இரண்டும் முப்பது போன்களுக்கும் நேராக வருகிற அளவுக்கு.