காலுக்குத் தெரியாத பிரேக்

பதினைந்து வருடங்களாக வெள்ளகோவில் அருகே பனியன் கம்பெனியில் தைக்கிறேன். பவர் மெஷின் பெடலை முன்னங்காலால் அழுத்தினால் ஓடும். குதிகாலால் அழுத்தினால் நிற்கும்.

சென்ற மாதம் கார் ஓட்டப் பழகும்போது ஆடு ஒன்று குறுக்கே வந்தது. பதறிப்போய்க் குதிகாலை அழுத்தினேன். கார் நிற்கவில்லை! பயிற்சியாளர்தான் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து ஆட்டைக் காப்பாற்றினார்.

"ஏனுங்க அம்மணி, பிரேக் எங்க இருக்குதுன்னு தெரியாதுங்களா?" என்றார்.

"தலைக்குத் தெரியுதுங்க. காலுக்குத்தான் தெரியலீங்க" என்றேன்.

பிறகு தினமும், நிறுத்திய காரில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பழகினேன். போன வாரம் நாய் ஓடிவந்தபோது, நான் நினைப்பதற்குள் கால் பிரேக்கில் இருந்தது. எனக்கு ஒரே பெருமை!

மறுநாள் கம்பெனியில் மெஷினை நிறுத்த முன்னங்காலால் மிதித்துவிட்டேன். அது சட்டைக் கையைக் கோணலாகத் தைத்துக்கொண்டே போனது.

இப்போதெல்லாம் காரில் ஏறினால் பிரேக்கையும், மெஷினில் உட்கார்ந்தால் குதிகாலையும் நான்கு முறை அழுத்திவிட்டே ஆரம்பிக்கிறேன். எங்கே வந்திருக்கிறோம் என்று காலுக்கும் சொல்ல வேண்டுமே!