இரண்டு ஊரும் சிரித்த நாள்

குர்துகள் என்று ஒரு சனம் இருப்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். முதல் உலகச் சண்டையில் சித்தப்பா அவர்கள் மலைப்பக்கம் கோவேறு கழுதை ஓட்டியவர். கூட ஓட்டிய குர்துக்காரன், தங்களுக்குத் தனி நாடு வரப்போகிறது என்று சொல்லி அவருக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தானாம். சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரன் அதைக் காகிதத்திலேயே எழுதினான். சுற்றியிருந்த துருக்கிக்காரன், பாரசீகக்காரன், பாக்தாத்காரன் மூவருக்கும் ஒருவரை ஒருவர் ஆகாது. குர்துக்கு நாடு கூடாது என்பதில் மட்டும் ஒரே பேச்சு. காகிதம் குப்பைக்குப் போயிற்று. ஆவடி ஸ்டேஷனில் யாரோ பத்திரிகை படிக்கக் கேட்டு வந்த சித்தப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் எங்கள் குடியிருப்பு முப்பது வீடு. ஏரித் தண்ணீர் மேலூருக்கு மூன்று நாள், கீழூருக்கு மூன்று நாள். ஏழாம் நாள் யாருக்கு என்று வழக்கு. இரண்டு ஊருக்கும் பெண் கொடுக்கல் வாங்கல்கூட இல்லை. எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் முறையே கிடையாது. அந்த வருடம் இரண்டு ஊர்ப் பெரிய மனிதர்களும் தனித்தனியே என் நைனாவிடம் வந்தார்கள். எங்கள் ஊருக்குச் சாட்சி சொல், ஏழாம் நாளில் பாதி உங்களுக்கு என்றார்கள். நைனா மேலூரை நம்பினார்.

"அவுனுங்க அடிச்சிக்கினு கீற வரிக்கும்தான் நமக்கு மரியாதி, அண்ணாத்தே. நாத்து உடாத" என்றார் சித்தப்பா.

"உன் குருதுக் கதைய கழுதயாண்ட போய் சொல்லு."

சாப்பாட்டு நெல்லையும் சேர்த்து நைனா நாற்று விட்டார். நன்றாகத்தான் வந்தது.

ஒரு காலையில் துணி அலசப் போனேன். மதகுக்கருகே இரண்டு பெரிய மனிதர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வேறு.

"இன்னா பாப்பா பாக்கற? ராசியாயிட்டோம். ஏழா நாளு ஆளுக்குப் பாதி. இனிமே சாட்சி வாணாம்னு உங்க நைனாண்ட சொல்லு" என்றார் மேலூர்க்காரர்.

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். சண்டை தீர்ந்ததென்று வழியெல்லாம் கத்தினேன். நல்ல சேதியை முதலில் கொண்டுவந்தவள் நான் என்று பெருமை வேறு.

நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா மாட்டை அவிழ்த்து நாற்றங்காலில் விட்டார். பச்சை நாற்றை அது மேய்ந்தது. நைனா தடுக்கவில்லை.

ஏரி நிறையத் தண்ணீர் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். சித்தப்பாவுக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது என்று அவர் கையைக் கடித்தேன்.