அந்த இடத்தில் பேசக்கூடாது

எங்கள் ஆபீசில் அவருக்கு ஊமை என்று பெயர். வாய் இருக்கிறது, தேவையில்லாமல் திறக்கமாட்டார், அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் என் பக்கத்து நாற்காலி.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளைக் கண்காணிக்கும் மெஷின்களுக்கு நாங்கள் கெர்னல், அதாவது அவற்றை இயக்கும் அடிப்படை மென்பொருள், எழுதுகிறோம். அதில் ஊமையின் பங்கு ஒரு சின்னக் கோப்பு. மெமரி கெட்டுப்போனால், பிராசசர் கையிலிருக்கும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அங்கேதான் ஓடிவரும். ஒதுக்கிவைத்த மூலையில் நடந்ததைக் குறித்துவிட்டு உடனே மெஷினை நிறுத்த வேண்டும். இது நின்றால்தான் பக்கத்திலிருக்கும் மாற்று மெஷின் பொறுப்பேற்கும்.

"அங்க யார்கிட்டயும் எதுவும் கேக்கக்கூடாதும்மா. அடி விழுந்தப்ப யார் கையில எது இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாது" என்பார்.

மானேஜருக்கு இது பிடிக்கவில்லை. "சொல்லாம கொள்ளாம மெஷின் செத்துப்போனா வாங்கினவன் என்ன நினைப்பான்? திரையில ஒரு வரி போடுங்க சார்."

"போடக்கூடாது சார்."

எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். மானேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம். மனைவியின் கண் ஆபரேஷனுக்காக ஊமை லீவு போட்ட வாரம், மானேஜரே அந்த வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டார். சோதனையில் அழகாக வேலை செய்தது. கைதட்டல் வேறு.

ஏன் வேலை செய்யாது? சோதனையின்போது திரை சும்மா கிடந்தது. திரையில் எழுத ஒரு பூட்டு உண்டு. சாவி வாங்கியவர் எழுதி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில், மெஷினின் வேறொரு வேலை திரையில் எழுதிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மெமரி கெட்டது. ஊமையின் கோப்பு சாவிக்காக நின்றது. பாதியில் விடப்பட்ட, சாவி வைத்திருந்த வேலையோ ஊமையின் கோப்பு முடியாமல் அசைய முடியாது. இரண்டும் நின்றன. மெஷின் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. சாகாததால் மாற்று மெஷின் பேசாமல் இருந்தது. ஒரு பெண்ணுக்கு மூச்சு குறைந்துகொண்டே போனது. அலாரம் அடிக்கவில்லை. தற்செயலாக எட்டிப் பார்த்த நர்ஸ் காப்பாற்றினார். ஆனால் அந்தப் பெண் இன்னும் தன் பிள்ளைகளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

விசாரணையில் ஊமை வாயைத் திறந்தார். பூட்டு, சாவி, சேர்க்கப்பட்ட வரி, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. விசாரிக்க வந்திருந்த கோட்டு போட்டவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சிக்கல் உங்க கோப்புலதானே?"

"ஆமா. ஆனா அந்த வரி..."

"போதும்."

மானேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அந்த நாற்காலி காலி. கோப்பு என் தலையில் விழுந்தது.

அந்த வரி அதில் அப்படியே இருந்தது. தப்பு ஊமையுடையது என்று முடிவாகிவிட்டதே, மானேஜரின் வரியை யார் தொடுவார்கள்? போதாதென்று அதன் கீழே இன்னொன்று கேட்டார் மானேஜர். "தடங்கலுக்கு வருந்துகிறோம்னு மரியாதையா ஒரு வரி."

ஊமைக்கு போன் செய்தேன்.

"அண்ணா, அந்த வரி இன்னும் இருக்கு. எடுத்தா என் வேலை போயிடும்."

"எடுத்துடும்மா. கேட்டா, போறப்பவே நான் எடுத்துட்டுப் போயிட்டேன்னு சொல்லு. என் பேர்தான் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கே."

எடுத்துவிட்டேன். யார் எப்போது மாற்றினார்கள் என்று தேடிப் பார்க்கிற ஆள் இல்லை எங்கள் மானேஜர். அந்த வரி எங்கே என்று மட்டும் கேட்டார். ஊமை சொல்லிக்கொடுத்ததையே சொன்னேன்.

"பாத்தியா, போறப்பவும் அந்தாளுக்குப் புத்தி போகல" என்றார்.

நான் தலையாட்டினேன்.