நோர்வூட்டில் ஊமையான ஆறு பெட்டிகள்

ஆயுத பூஜை முடிந்த நான்காம் நாள் இலங்கை மலையகத்தில் இருக்கும் நோர்வூட்டுக்குக் கிளம்பினேன். சுற்றிப்பார்க்க அல்ல, மானத்தைக் காப்பாற்ற. அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில், கொழுந்து வாட்டும் தொட்டிகளில், நான் செய்த ஆறு பெட்டிகள் இருக்கின்றன. பேட்டரி கிடையாது, ஜன்னல் வெளிச்சமும் குழல்விளக்கும்தான் சாப்பாடு. கொழுந்தின் ஈரத்தை அளந்து கீழே இருப்பவரின் போனுக்கு அனுப்பும். ஆறும் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன.

நுவரெலியாவில் காலை 7.10க்கு ஹட்டன் பஸ், இரண்டு மணிநேரம். வளைவுகளில் குடலைப் புரட்டும், அரை வயிறாகவே ஏறுங்கள். ஹட்டனில் பஸ் மாறி முக்கால் மணியில் நோர்வூட். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் ஏற்றம், ஆட்டோவுக்கு 600 ரூபாய். "ஏறத்தான் காசு சார், எறங்குறப்ப வண்டி தானா உருண்டுரும்" என்றார் ஓட்டுநர். திரும்பும்போதும் அதே 600 வாங்கினார் மனுஷன்!

தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னைக்குச் சரியாகலன்னா எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிருங்க சார்."

எனக்கு முகம் தொங்கிப்போனது. என்னைவிட, மாடியைக் கவனிக்கும் செல்வி அக்காவுக்கு. பெட்டிகள் வந்த பிறகுதான் கொழுந்தின் ஈரம் பார்க்க மணிக்கொரு தடவை நாற்பத்தாறு படி ஏறும் வேலை அவருக்கு நின்றிருந்தது. நாலு நாளாக மறுபடி ஏற்றம். முழங்காலைப் பிடித்தபடி எனக்கு முன்னால் ஏறினார். "கழட்டிறாதீங்க சார், எங்காலு தாங்காது."

மேலே போய்ப் பார்த்தால், ஒவ்வொரு பெட்டியும் கல்யாணப் பெண் மாதிரி ஜம்மென்று இருந்தது. வெளிச்சத்தை வாங்கும் கறுப்புத் தகட்டின் நட்டநடுவில் தடித்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"யார் வச்சது அக்கா?"

"நாந்தான். எல்லா மெசினுக்கும் வச்சோம். எனக்கு இம்புட்டு ஒத்தாச செய்யிறத விட்டுட்டா நல்லாவா இருக்கும்?"

இது வெளிச்சத்தில்தான் ஓடுகிறது என்று சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ, எங்காலுக்கு நானே வெனை வச்சுக்கிட்டேனா!"

தப்பு என்னுடையது. தோட்டத்தில் எல்லாக் கருவிக்கும் பூஜை உண்டு என்று தெரிந்தும் பொட்டுக்கு இடம் விடாமல் பெட்டி செய்த மடையன் நான். ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டேன். சந்தனக் கிண்ணத்தோடு வந்த அக்கா வட்டத்துக்குள் மட்டும் வைத்தார். பத்து நிமிடத்தில் அக்காவின் போனில் ஆறு எண்களும் வந்தன. டீமேக்கர் தலையாட்டினார்; எனக்கு அதுவே விருது.

போகிறவர்களுக்கு: குடையும் ஸ்வெட்டரும் கட்டாயம், ஹட்டனுக்குத் திரும்ப நாலு மணிக்கு முன்பே பஸ் பிடியுங்கள். தோட்டத்தில் எதையாவது பொருத்தப் போகிறீர்களா? அங்கே வேலை செய்பவர்களோடு முதலில் ஒரு டீ குடியுங்கள்.

நான் கிளம்பும்போது மூன்று மணிச் சங்கு ஊதியது. செல்வி அக்கா பழக்கதோஷத்தில் எழுந்து படிவரை போனார். போனை எடுத்துப் பார்த்தார். திரும்பி வந்து, பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.