வலமிருந்து திறக்கும் புத்தகத்தில் ஒரு டெர்மின்

புதுப் புத்தகத்தின் மை வாசனை என்று எல்லோரும் உருகுவார்கள்; ஜப்பானியப் படக்கதைகளான எங்கள் மங்காப் புத்தகங்களில் அந்த வாசனையை நான் ஒருநாளும் முகர்ந்ததில்லை. அவை என் கைக்குத் திரும்பி வரும்போது என் வகுப்புத் தோழிகளில் சாண்ட்ரா வீட்டு நாயின் மணமும், அய்லினின் அம்மா சுடும் எள்ளு ரொட்டியின் மணமும், என் பங்குக்கு எங்கள் குசினியின் பொரித்த மிளகாய் மணமும் ஏறி, அட்டை லேசாகப் பிசுபிசுத்திருக்கும்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளி விட்டதும் வகுப்பே வீட்டுக்கு ஓடும், ஏனென்றால் பின்னேரத்தில் தொலைக்காட்சியில் ஜப்பானிய அனிமே கார்ட்டூன்கள் ஜெர்மன் பேசிக்கொண்டு வரும். பிறகு அதே கதைகள் புத்தகங்களாகவும் வரத் தொடங்கின. ரயில் நிலையப் புத்தகக் கடையில், பயண வழிகாட்டிகளுக்குக் கீழே, குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் ஒரே ஒரு தட்டில் அவை இருந்தன. எங்கள் மூவருக்கும் ஒரு புத்தகம், ஆளுக்கு இரண்டு நாள். அட்டையை மடிக்கக் கூடாது, முடிவைச் சொல்லக் கூடாது, அடுத்தவள் பக்க அடையாளத்துக்கு வைத்த தாளைத் தொடவே கூடாது என்று சட்டங்கள் வேறு. ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாகப் போகும் புத்தகம் அது. நம் வழக்கப்படி திறப்பவரை, "நில்! இது கடைசிப் பக்கம்" என்று ஒரு பெரிய எச்சரிக்கை மறிக்கும். அம்மாவுக்கு அதெல்லாம் ஒரே கூத்து. "உந்தப் பெரிய கண்ணுக்காரியளைப் பாத்துப் பாத்து உன்ரை கண்ணும் பிதுங்கப் போகுது" என்பார்.

வீட்டில் எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர்களின் பிள்ளைகள் பலருக்கும் வாய்த்த உத்தியோகம்தான்: அலுவலகக் கடிதங்களை வாசித்துச் சொல்வது. உணவகமொன்றில் பாத்திரம் கழுவிய அப்பாவிடம் குசினிக்குப் போதுமான ஜெர்மன் மட்டும்தான் இருந்தது என்று நாங்கள் நம்பியிருந்தோம். கடிதம் வந்தால் பிரிக்காமல் எனக்காக எடுத்து வைப்பார்.

அந்தப் புதன்கிழமை அவர் ஒரு கடிதத்தை நீட்டியபோது திரையில் தொடக்கப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "பிறகு வாசிச்சுச் சொல்லுறன் அப்பா" என்று சொல்லி, கையிலிருந்த மங்காவில் நான் நிறுத்திய பக்கத்தில் அதைச் செருகினேன். அடுத்த நாள் சாண்ட்ராவின் முறை. புத்தகத்தைக் கொடுத்தேன், கடிதம் உள்ளே இருந்ததை அடியோடு மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் பிசைந்தபடி அப்பா கேட்டார்: "பிள்ளை, அந்தக் கடிதத்திலை என்னவாம்?"

அது புத்தகத்தோடு போனது அப்போதுதான் நினைவு வந்தது. "ஒண்டுமில்லை அப்பா, சும்மா ஒரு அறிவித்தல்."

"வாற கிழமை விசா முடியுது, அதுதான் கேட்டனான்."

உண்மையைச் சொல்ல அந்த நேரமே போதும். நான் சொல்லவில்லை. புத்தகம் அதற்குள் சாண்ட்ராவிடமிருந்து அய்லினிடம் போயிருக்கும், திங்கட்கிழமை வாங்கிவிடலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை அய்லின் பள்ளிக்கு வரவில்லை. பள்ளி விட்டதும் அவள் வீட்டு அழைப்பு மணியை அழுத்தி அழுத்தி விரல் நொந்ததுதான் மிச்சம், யாரும் கதவைத் திறக்கவில்லை. அன்று தொலைக்காட்சியில் என்ன ஓடியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை முதல் இடைவேளையில்தான் அய்லின் வந்தாள். காய்ச்சலாம், மருத்துவரிடம் போனாளாம். புத்தகத்தைப் பறித்துத் திறந்தேன். சட்டம் சட்டமாகவே இருந்தது: இரண்டு பேரும் தொடாமல், கடிதம் நான் வைத்த பக்கத்திலேயே கிடந்தது. பிரித்தேன். விசா நீட்டிக்க நேரில் வரும்படி குறித்த டெர்மின், செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி. அன்றுதான் அந்தச் செவ்வாய். எங்கள் விசாவுக்கும் அதுவே கடைசி நாள்.

யாரிடமும் சொல்லாமல் பள்ளியை விட்டு வெளியேறியது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். டிராமில் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஏறுகிறவர்களை மனத்துக்குள் திட்டினேன். உணவகத்தின் பின்கதவால் நுழைந்தபோது அப்பா முழங்கை வரை நுரையோடு நின்றார். டெர்மின் நேரத்தைச் சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். கடிதத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், ஏப்ரனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார்.

நாங்கள் மூச்சிரைக்க விசா அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி தாண்டிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்து, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் அழுந்தியது.

"பிழை என்னிலை எண்டு சொல்லு. கடிதத்தை எங்கையோ வைச்சிட்டு மறந்துபோனன் எண்டு சொல்லு."

சொன்னேன். நல்ல ஜெர்மனில், ஒரு சொல் குறையாமல் சொன்னேன். அந்தப் பெண் அப்பாவை நிமிர்ந்து பார்த்து ஏசத் தொடங்கினார்: குடும்பத்தின் தலைவிதி உங்கள் கையில், சின்னப் பிள்ளை பள்ளியை விட்டு உங்கள் பின்னால் ஓடிவர வேண்டியிருக்கிறது, வெட்கமாக இல்லையா என்று. அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். "இனிக் கவனமா இருக்கட்டாம்" என்று மட்டும் சொன்னேன். அப்பா தலையாட்டிவிட்டு, எந்நேரமும் சட்டைக்குள் கொண்டு திரியும் பிளாஸ்டிக் உறையிலிருந்து பத்திரங்களை எடுத்து வைத்தார். முத்திரை விழுந்தது, ஆறு மாதத்துக்கு.

திரும்பி வரும் டிராமில் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கித் தன் வழக்கப்படி திறந்தார். "நில்லாம்" என்றவர் சிரித்தபடி திருப்பித் தந்து, "கதை முடிஞ்சுதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். மிச்சப் பக்கங்களை இன்றுவரை நான் வாசிக்கவில்லை.

இப்போது புத்தகக் கடைகளில் மங்காவுக்குச் சுவர் சுவராக அலுமாரிகள். போன வசந்தத்தில் ரைன் நதிக்கரையில் அனிமே வேடமிட்டு நின்ற கூட்டத்தில் என் மகளும் நீலப் பொய்முடியோடு நின்றாள். அவள் கதைகளைத் தொலைபேசியிலேயே வாசிக்கிறாள், யார் முறைக்காகவும் காத்திருப்பதில்லை. ரயில் நிலையக் கடையும் இல்லை, அய்லின் எந்த ஊரில் என்றும் தெரியாது, அடுத்தவள் வைத்த தாளைத் தொடாத அந்தச் சட்டத்தை மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள்.

மகளின் பையைக் காவல் காத்தபடி அப்பா ஆற்றங்கரை மர வாங்கில் என்னருகே உட்கார்ந்திருந்தார். எழுபது வயதில் தன் கடிதங்களைத் தானே வாசிக்கிற மனிதர். எதனாலோ அன்றைக்குத்தான் சொல்ல வாய் வந்தது.

"அப்பா, அண்டைக்கு அந்தக் கடித விசயத்திலை பிழை என்னிலை."

"ஓம், தெரியும்."

பையை மடியில் நிமிர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: "அந்த மனிசி ஏசினது முழுக்க எனக்கு விளங்கினது, பிள்ளை. குசினியிலை நான் முதல் படிச்ச ஜெர்மன் ஏச்சுத்தானே. நீ குறைச்சுச் சொன்னனி எண்டும் விளங்கினது."

மகள் கூட்டத்திலிருந்து கையசைத்துப் பையைக் கேட்டாள். நான் எழும்பவில்லை, அப்பாதான் மெதுவாக எழும்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.